சிக்கரியும் ரசனையும்

சிக்கரி கலந்த காப்பிதான் எனக்குப் பிடிக்கும். 100-க்கு 30 பங்கு சிக்கரி, கொதிக்கக் காய்ச்சிய பால், சர்க்கரை. காப்பி விளைகிற மலையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது கோயில் வாசலில் உட்கார்ந்து நாத்திகம் பேசுகிற மாதிரி. பாச்சலூரில் எங்கள் வீட்டைச் சுற்றி இரண்டு ஏக்கரில் அரபிகா நிற்கிறது. நடுநடுவே சில்வர் ஓக், அதில் படர்ந்த மிளகு, அங்கங்கே மலைவாழை, ஆரஞ்சு. அந்தக் காப்பியை வறுத்து அரைத்து, ஒட்டன்சத்திரத்திலிருந்து வாங்கி வந்த சிக்கரிப் பொடியை அதில் கலந்துதான் குடிக்கிறோம். சிக்கனத்துக்காக என்று சொல்ல முடியாது. காப்பி எங்களுடையது, சிக்கரிக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

காப்பி தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பரிதாபப்படுகிறார்கள். சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம். சிரிக்கிறவர் என்னோடு வாதத்துக்கு வரத் தயாராக இருக்கிறார். பரிதாபப்படுகிறவர் எனக்கு ஏதோ ஓர் உறுப்பு குறைவு என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். தெரிந்தவர்கள் மட்டமாக நினைக்கிற ஒன்று ஒருவனுக்குப் பிடித்திருந்தால், அந்த விருப்பம் அவனுடைய முட்டாள்தனத்துக்குச் சாட்சியாகுமா? இந்தக் கேள்வியைக் காப்பியை வைத்துக்கொண்டு யோசிப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ரசனை என்று நாம் சதா உச்சரிக்கிற சொல்லே நாக்கிலிருந்து வந்ததுதான். ரசம் முதலில் சுவை, பிறகுதான் காவியம். இலக்கியத்தில் நாம் கலக்கி வைத்திருக்கிற விஷயம் நாக்கில் கொஞ்சம் தெளிந்து நிற்கிறது.

சிக்கரி ஒரு செடியின் வேர். நம் நாட்டில் பெரும்பாலும் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. வேரை நறுக்கிக் காயவைத்து, வறுத்து, பொடி செய்கிறார்கள். அதில் காப்பியின் போதைச் சத்து கிடையாது. வேரில் இருக்கும் இனுலின் வறுபடும்போது, சர்க்கரையைக் கருக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு நிறத்தையும் கசப்பு கலந்த இனிப்பையும் தருகிறது. வெந்நீரில் காப்பிப் பொடியைவிட அதிகமாகக் கரையும். அதனால்தான் சிக்கரி கலந்த டிகாக்ஷன் கறுத்துக் கெட்டியாக இறங்குகிறது. தெரிந்தவர்களின் குற்றச்சாட்டும் இதுவேதான்: காப்பிக்கே உரிய மெல்லிய வாசனைகளை, பூ மாதிரியும் எலுமிச்சை மாதிரியும் மூக்குக்குத் தட்டுப்படுகிற அந்தச் சாயல்களை, இந்த வேர் மூடிவிடுகிறது. அவர்கள் சொல்வது உண்மை. மூடத்தான் செய்கிறது.

இரண்டு வருஷங்களுக்கு முன்னால், சிறு தோட்டக்காரர்களிடம் நேராகக் கொள்முதல் செய்து வெளியூருக்கு அனுப்புகிற ஒருவர் எங்கள் பக்கம் வந்திருந்தார். சுவை பார்ப்பதில் முறையாகப் பயிற்சி பெற்றவர். பல தோட்டங்களின் கொட்டைகளைத் தனித்தனிப் பைகளில் வைத்திருந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் கிண்ணங்களை வரிசையாக வைத்து, பொடி போட்டு, வெந்நீர் ஊற்றி, நாலு நிமிஷம் பொறுத்து, மேலே கட்டிய ஏட்டைக் கரண்டியால் உடைத்து முகர்ந்தார். பிறகு ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு கரண்டி எடுத்து ‘சர்’ரென்று உறிஞ்சி, வாயில் வைத்திருந்து துப்பினார். பால் இல்லை, சர்க்கரை இல்லை. புளிப்பு, கனம், வாசனை, பின்சுவை என்று தனித்தனியே எண் போட்டார். 100-க்கு 80 வந்தால் உயர்ந்த ரகம், அதற்குக் கீழே வெறும் காப்பி என்று விளக்கினார். வித்தை காட்டுகிற தோரணை அவரிடம் துளியும் இல்லை. ஒரு தச்சர் மரத்தைத் தட்டிப் பார்ப்பதைப் போலத்தான் இருந்தது.

கிண்ணம் ஒன்றில் நின்றார். இந்தப் பை மழையில் நனைந்து மறுபடி காய்ந்தது என்றார். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் அவர் பைகளை அவிழ்த்தபோதே அதே பையை மூக்கருகே கொண்டுபோய், “இது ஐப்பசி மழையில மாட்டுனதுங்க தம்பி” என்று சொல்லி அவள் தனியே ஒதுக்கியிருந்தாள். அவர் அப்போது அதை வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது எழுந்துபோய் அந்தப் பையை எடுத்து வந்து இன்னொரு முறை முகர்ந்தார். “அம்மா, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?” என்றார். அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. நாற்பது வருஷமாகக் களத்தில் பழத்தைக் கிளறிக்கொண்டிருப்பவளுக்கு அது தெரியாமல் எப்படி?

பிறகு அவர், எங்கள் மலையிலேயே விளைந்து நன்றாகக் கழுவிக் காயவைத்த கொட்டையில் ஒரு வரக்காப்பி போட்டு அம்மாவிடம் கொடுத்தார். முழு டம்ளரையும் நிதானமாகக் குடித்தாள். “நல்லாத்தான் இருக்குங்க தம்பி. பழரசமாட்டம் இருக்கு. ஆனா காப்பியக் காணமே” என்றாள். பிறகு உள்ளே போய் எல்லோருக்கும் சிக்கரிக் காப்பி போட்டு வந்தாள். அவர் மரியாதைக்காகப் பாதி குடித்தார். அவர் முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது. மழையில் நனைந்த பையை மூக்காலேயே பிரித்தெடுக்கிற ஒருத்திக்கு இது எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் அந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன்.

அந்தக் குழப்பத்திலிருந்துதான் என் யோசனை தொடங்குகிறது. நுட்பம் தெரிந்தால் விருப்பம் தானாகவே மேலே ஏறிவிடும், ஏறாத விருப்பம் நுட்பமின்மையின் அடையாளம் என்று ஓர் எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அம்மாவின் விஷயத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. அவளுக்குப் பிரித்தறியத் தெரியும். அறிந்த பிறகும் வேறொன்றை விரும்புகிறாள். பிரித்தறிவது ஒரு சக்தி, விரும்புவது இன்னொன்று. ஒன்று மற்றதைப் பாதிக்கலாம். ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிட்டுச் சொல்ல முடியாது.

பிரித்தறிகிற சக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. அதைப் பற்றி டேவிட் ஹ்யூம் 1757-ல் எழுதிய கட்டுரையில் ‘டான் கிஹோட்டே’யிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். சாஞ்சோவின் உறவுக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பீப்பாய்த் திராட்சை மதுவைச் சுவை பார்க்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறான் ஒருவன். நல்லதுதான், ஆனால் இரும்பு வாடை என்கிறான் மற்றவன். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் பார்த்தால் அடியில் ஒரு பழைய சாவி, தோல் வாரில் கோர்த்தது. நிபுணத்துவத்துக்கு இதைவிட நல்ல ஆதரவை நான் படித்ததில்லை. எனக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிகிறது; அது அவன் கற்பனை இல்லை; பீப்பாயின் அடியில் கிடக்கிறது. திண்ணையில் வந்தவர் கண்டுபிடித்த மழையும் அப்படித்தான், அம்மா கண்டுபிடித்ததும் அப்படித்தான். எல்லா நாக்கும் ஒன்றுதான், யாரும் யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை என்று சமத்துவம் பேசுகிறவர்கள் இந்தச் சாவியை மறுபடி பீப்பாய்க்குள் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் இந்தக் கதை எதுவரை வருகிறது என்றும் பார்க்க வேண்டும். சாவி அங்கே இருந்தது என்பதை அது நிரூபிக்கிறது. இரும்பு வாடை ஏறிய மதுவை எவனும் விரும்பக் கூடாது என்பதை நிரூபிக்கவில்லை. மலபார்க் காப்பிக்கு நேர்ந்தது இதற்கு நல்ல உதாரணம். பாய்மரக் கப்பல் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்ட காப்பி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கடலில் கிடந்து ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் ஈரக்காற்று. கொட்டை உப்பி, பச்சை நிறம் போய் வெளுத்து, புளிப்பு மங்கிப் போயிருக்கும். சரக்குக் கணக்கில் இது சேதம். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல்களும் பெருகிப் பயணம் சுருங்கியதும் கொட்டை நல்ல நிலையில் போய் இறங்கியது. குடிக்கிறவர்களுக்குப் பிடிக்கவில்லை, பழைய காப்பி எங்கே என்றார்கள். காப்பி வியாபாரத்தில் வழங்கிவரும் வரலாறு இது. அதற்குப் பிறகு கொட்டையைக் கரையோரக் கிடங்குகளில் பரப்பி, தென்மேற்குப் பருவக்காற்று பட வைத்து, கடல் செய்த சேதத்தை வேண்டுமென்றே செய்ய ஆரம்பித்தார்கள். இன்று அது புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, தனிப் பெயரும் தனி விலையும் உண்டு. குறையை விரும்பியவர்களின் பிடிவாதத்தால் குறை ஒரு ரகமாகிவிட்டது. ஐரோப்பியர்களின் பிடிவாதமாக இல்லாமல் வத்தலக்குண்டுக்காரர்களின் பிடிவாதமாக இருந்திருந்தால் ரகமாகியிருக்குமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

சிக்கரிக்கு வருகிறேன். நிபுணர் பாலில்லாமல் சுவைக்கிறார். கொட்டையின் குணம் அப்போதுதான் தெரியும். அது சரியான முறை. அம்மா குடிப்பது முக்கால் டம்ளர் பாலும் கால் டம்ளர் டிகாக்ஷனும். சுண்டக் காய்ச்சிய பாலும் சர்க்கரையும் சேரும் இடத்தில், நல்ல அரபிகாவின் புகழ்பெற்ற புளிப்பு திரிந்த பாலை நினைவூட்டுகிற ஏதோ ஒன்றாக மாறிவிடுகிறது. மெல்லிய வாசனைகளைப் பால் விழுங்கிவிடுகிறது. அங்கே எதிர்த்து நிற்க ஒரு கனம் வேண்டியிருக்கிறது. அந்தக் கனத்தைச் சிக்கரி கொடுக்கிறது. சிக்கரி நிலைத்த மற்ற ஊர்களையும் பாருங்கள். 1806-ல் நெப்போலியன் ஆங்கிலேய வணிகத்துக்கு எதிராகத் துறைமுகங்களை அடைத்தபோது காப்பி கிடைக்காமல் பிரான்சில் சிக்கரி பரவியது. தடை போன பிறகும் சிக்கரி போகவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் ஊரான நியூ ஆர்லியன்ஸில் இன்றும் சிக்கரிக் காப்பிதான் பெருமை. இரண்டு இடத்திலும் காப்பியில் பால் தாராளம். ஆக நிபுணர் கொட்டையைச் சுவைக்கிறார், அம்மா ஒரு கலவையைச் சுவைக்கிறாள். இரண்டு பேரும் காப்பி என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் ஒரே பொருளைப் பற்றிச் சண்டை போடுவதாகத் தோன்றுகிறது.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. அதைத் தாண்டாமல் மேலே போகக் கூடாது. சிக்கரி விருப்பம் எங்கிருந்து வந்தது? வறுமையிலிருந்து. 1942-ல் காப்பிச் சட்டம் வந்து, வாரியம் அமைந்து, தோட்டக்காரர்களின் காப்பி முழுவதும் ஒரே தொகுப்பாக விற்கப்பட்டது. 1990-களில்தான் அது முழுதாகத் தளர்ந்தது. அந்தக் காலம் முழுக்க ஏற்றுமதிக்குத் தனி ஏலம், உள்நாட்டுக்குத் தனி ஏலம். நல்ல கொட்டை கப்பலேறியது. மிச்சத்தை நாம் வாங்கினோம், அதற்கும் காசு போதாமல் வேரைக் கலந்தோம். பிறகு பழகிவிட்டது. பழகியதை விருப்பம் என்று சொல்லிக்கொள்கிறோம். நரிக்கு எட்டாத திராட்சை புளிக்கிறது. யோன் எல்ஸ்டர் என்ற நார்வேக்காரர் 1983-ல் புளித்த திராட்சை என்றே பெயரிட்டு, எட்டாததை வேண்டாததாக மாற்றிக்கொள்கிற மனதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஒடுக்கப்பட்டவனுடைய திருப்தியை அப்படியே ஏற்றுக்கொள்வது எவ்வளவு கொடுமையானது என்பது நமக்கும் தெரியும். பழையதும் ஊறுகாயுமே போதும் சாமி என்று சொல்ல வைக்கப்பட்டவர்களின் நாடு இது.

இந்த ஆட்சேபத்துக்குப் பதில் தத்துவத்தில் இல்லை, பரிசோதனையில் இருக்கிறது. திராட்சையை எட்டும்படி வைத்துப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு வைத்துப் பார்த்தாயிற்று. முழு டம்ளர் குடித்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, தன்னுடையதைப் போடப் போனாள். திராட்சை புளிக்கிறது என்று அவள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு விருப்பம் எங்கே பிறந்தது என்பது அதன் ஜாதகம். மற்றதைக் காட்டிய பிறகும் அது நிற்கிறதா என்பதுதான் அதன் வாழ்க்கை. பிறப்பை வைத்து விருப்பத்தைத் தள்ளி வைப்பதானால் மிஞ்சுவது அதிகமில்லை. காப்பியே ஒரு காலத்தில் வீட்டுப் பெரியவர்களால் கெட்ட பழக்கம் என்று திட்டப்பட்டு, நீராகாரத்தைத் துரத்திவிட்டு உள்ளே வந்த பானம்தான். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ அந்தக் கதையைச் சொல்கிறது.

நாக்கில் இது இவ்வளவு எளிது. எழுத்தில்?

பாச்சலூரிலிருந்து வடக்கே இறங்கினால் வடகாடு, ஒட்டன்சத்திரம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாக மறுபக்கம் இறங்கினால் வத்தலக்குண்டு. பி. எஸ். ராமையாவின் ஊர், சி. சு. செல்லப்பாவின் ஊர். செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ தொடங்கி 1970 வரை நடத்தினார். 1962-ல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். அன்று புதுக்கவிதையைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் விஷயம் தெரியாதவர்களா? யாப்பில் அவர்களுக்கு இருந்த செவி அசாதாரணமானது. எந்தச் சீரில் தளை தட்டுகிறது என்று சொல்லிவிடுவார்கள். தளை தட்டத்தான் செய்தது. சாவி பீப்பாயில் இருக்கத்தான் செய்தது. அவர்கள் அளந்தது சரி. தாங்கள் அளந்ததே கவிதை முழுவதும் என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. ஒரு நூற்றாண்டின் காதில் வேறொரு ஓசை கேட்க ஆரம்பித்திருந்ததை அந்த அளவுகோல் காட்டவில்லை. ஆக நாம், சிறுபத்திரிகைக்காரர்கள், நிபுணர்கள் மட்டமாகப் பார்த்த ஒரு விருப்பத்தைப் பிடித்துக்கொண்டு பிறந்தவர்கள்.

பிறந்த பிறகு நாமே நிபுணர்கள் ஆனோம். தொடர்கதை வாசகியைப் பார்த்து நாம் போட்ட சத்தம் பண்டிதர்கள் போட்டதற்குக் குறைந்ததில்லை. 1950-லிருந்து 1954 வரை ‘கல்கி’யில் வந்த ‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டுத் தைத்து, பேத்திக்குக் கொடுத்த கிழவிகள் தமிழ்நாடு முழுவதும் இருந்தார்கள். அந்தத் தையலில் ஓர் ஈடுபாடு இருக்கிறது. அதற்கு நாம் வைத்திருந்த பெயர் பாமர ரசனை. கல்கியின் நாவலில் மன ஆழம் இல்லை, மனிதர்கள் வண்ணப் படங்கள் என்ற விமர்சனத்தில் நான் இன்னும் நிற்கிறேன். ஆனால் அந்த விமர்சனத்திலிருந்து அந்தக் கிழவியைப் பற்றி ஒரு முடிவும் பிறக்காது. புத்தகத்தைப் பற்றிய தீர்ப்பைப் படிப்பவர் மேல் எழுதுவது, கொட்டைக்குப் போட்ட எண்ணை அம்மா நெற்றியில் ஒட்டுவது மாதிரி.

என் கணக்கையும் வைத்துவிடுகிறேன். எனக்கு வடுவூர் துரைசாமி ஐயங்கார் பிடிக்கும். 1942-ல் இறந்துபோன, துப்பறியும் நாவல்களால் வாழ்ந்த மனிதர். ‘மேனகா’வும் ‘கும்பகோணம் வக்கீ’லும் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. பின்னதை 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘திகம்பர சாமியார்’ என்று நம்பியாரைக் கதாநாயகனாகப் போட்டுப் படமெடுத்தது. கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை, மின்சாரம் இல்லை, களத்துப் பழத்துக்கு மேல் தார்ப்பாய், செய்ய ஒன்றுமில்லை என்று மலை ஆகிவிடும்போது அந்த நாவல்களின் நீண்ட வாக்கியங்களும் வேஷங்களும் நூறு பக்கம் கழித்து அவிழ்கிற முடிச்சுகளும் எனக்கு வேண்டியிருக்கின்றன. புதுமைப்பித்தனும் எனக்கு வேண்டும். அவரிடம் நான் போவது வேறு காரியத்துக்கு. இரண்டையும் படிக்கிற கண் ஒன்றே. வடுவூராரின் கதைக்கட்டில் எங்கே சாந்து பெயர்ந்திருக்கிறது என்று அந்தக் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தும் படிக்கிறது.

கான்ட் 1790-ல் ஒரு கோடு போட்டார். கேனரித் தீவு மது இனியது என்று சொல்கிறவன், எனக்கு இனியது என்று திருத்திக்கொள்ள ஒப்புவான். ஒன்றை அழகு என்று சொல்கிறவனோ மற்றவர்களின் சம்மதத்தையும் சேர்த்துக் கேட்கிறான். அந்தக் கோடு கான்ட் நினைத்த அளவுக்கு நேராக ஓடவில்லை என்று பிறகு பலர் காட்டியிருக்கலாம். என் உபயோகத்துக்குப் போதும். எனக்கு வடுவூரார் பிடிக்கும் என்பதில் முட்டாள்தனமாக இருக்க ஒன்றுமில்லை. அது ஒரு தகவல். புதுமைப்பித்தனைவிட வடுவூரார் பெரிய எழுத்தாளர் என்று எப்போது சொல்கிறேனோ அப்போது விருப்பம் தீர்ப்பாக வேஷம் போட்டுக்கொள்கிறது. முட்டாள்தனத்துக்கு இடம் அங்கேதான். எதிர்ப்பக்கத்திலும் அதே வேஷம் உண்டு: இது சிறந்தது என்று மட்டும் சொல்ல உரிமை உள்ளவர், ஆகவே நீ இதைத்தான் விரும்ப வேண்டும் என்று தீர்ப்பைக் கட்டளையாக்குகிறார். நான் பார்த்தவரை இரண்டு வேஷங்களும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் கலைய மறுக்கின்றன.

சிக்கரி விஷயத்தில் நம் உணவுச் சட்டம் நிதானமாக நடந்துகொள்கிறது. கலவையில் காப்பி 100-க்கு 51-க்குக் குறையக் கூடாது. காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று பொட்டலத்தில் எழுத வேண்டும். சிக்கரியைச் சட்டம் தடுக்கவில்லை, தண்டிக்கவில்லை, அதைக் குடிப்பவனுக்கு அறிவுரையும் சொல்லவில்லை. சொல்லாமல் கலப்பதைத்தான் குற்றம் என்கிறது. விமர்சகனின் வேலை இதுதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்து எதில் எவ்வளவு என்று எழுதிவிட வேண்டும். குடிப்பதும் விடுவதும் வாங்குகிறவர் பாடு. நம் பெரும்பத்திரிகைகள் மேல் நமக்கு இருந்த நியாயமான கோபம், அவை சிக்கரி விற்றன என்பதால் இருந்திருக்க வேண்டியதில்லை. சுத்தக் காப்பி என்று எழுதி விற்றதால் இருந்தது. அந்தக் கோபத்தை வாங்கிக் குடித்தவர்கள் மேல் திருப்பிவிட்டது நம் பக்கத்துக் கணக்கு.

இதெல்லாம் மனம் பற்றிய பேச்சாக மட்டும் நின்றுவிடாது. சுவைக்கு விலை இருக்கிறது. எங்கள் மலையில் அறுவடை நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. பழத்தை அன்றன்றே பல்ப்பரில் தோலுரித்து, வழவழப்புப் போகப் புளிக்கவைத்து, கழுவி, தட்டுகளில் காயவைத்தால் நிபுணர் கேட்கிற சுவை வரும். அதற்கு இயந்திரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டும். இல்லாதவர்கள் பழத்தை முழுசாகக் களத்தில் கொட்டிக் காயவைக்கிறார்கள். அது செர்ரி என்று போகிறது, விலை குறைவு. 2019-ல் குடகு, சிக்கமகளூர், பாபாபுடன் மலை, அரக்கு, வயநாடு என்று ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி மலை அதில் இல்லை. யாருடைய நாக்கு தராசாக இருக்கிறதோ அவர்களுக்குப் பிடித்த மாதிரி எங்கள் களங்கள் மாற வேண்டியிருக்கிறது. நாங்களும் மாறிக்கொண்டிருக்கிறோம். திண்ணைக்கு வந்தவருக்கு இப்போது கழுவிய கொட்டை கொடுக்கிறோம். அவர் நியாயமான விலை தருகிறார், அதை நான் மதிக்கிறேன். வீட்டுக்கென்று அம்மா ஒரு மூட்டையை எப்போதும் போலக் களத்தில் காயவைத்து எடுத்து வைக்கிறாள். விற்பது ஒரு நாக்குக்கு, குடிப்பது இன்னொரு நாக்குக்கு. தோட்டத்தில் இது நடக்கிறது, இதில் அவமானமும் இல்லை.

எழுதுகிறவனுக்கு இது நடக்காது. வாசகனாக இருக்கும்வரை பிடித்தது ஒரு தட்டில், மதிப்பது ஒரு தட்டில் என்று வைத்துக்கொள்ளலாம். எழுத உட்கார்ந்தால் இரண்டும் ஒரே கையில் வந்து இறங்குகின்றன. மழை நாட்களில் வடுவூராரிடம் நான் வாங்கிய இன்பம் என் வாக்கியங்களில் எங்கோ கரைந்திருக்கிறது. ஒரு பத்தியின் முடிவைத் தள்ளிப்போடுகிற ஆசையில், ஒரு பெயரைச் சொல்லாமல் பிடித்து வைத்திருப்பதில் அதை நான் அடையாளம் காண்கிறேன். நண்பர்கள் எதிரில் புதுமைப்பித்தனை மட்டும் பேசிக்கொண்டு இதை மறைத்துவிடலாம், நம்மில் பலர் அப்படித்தான் செய்கிறோம் என்று சந்தேகப்படுகிறேன். ஒளித்து வைத்த விருப்பம் போய்விடுவதில்லை. பெயர் எழுதாத பொட்டலமாக எழுத்துக்குள் இருக்கிறது. அதைக் கலக்காமல் எழுதும் சக்தி எனக்கு இல்லை, கலக்காமல் எழுத வேண்டும் என்ற ஆசையும் இல்லை. எவ்வளவு என்று எனக்குத் தெரிந்திருந்தால் போதும்.